பத்தே பத்து ஸ்ட்ராட்டோலைனர்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பழைய ஆல்பம் ஒன்றில், நான்கு எஞ்சின்களும் சுருட்டு போல உருண்ட உடலும் கொண்ட ஒரு பயணிகள் விமானத்தின் கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. வாலில் ‘என்.சி. 1990’ வரை படிக்க முடிகிறது. கடைசி இலக்கம் 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். இது எந்த விமானம்? எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில்: பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் வரிசையும் உருண்ட உடலும் சேர்ந்தால் அது போயிங் 307 ஸ்ட்ராட்டோலைனர்தான். கேபினுக்குள் காற்றழுத்தம் ஏற்றிப் பயணிகள் சேவைக்கு வந்த முதல் விமானம் இது. 14,700 அடியில் பறந்தாலும் உள்ளே இருப்பவருக்கு 8,000 அடியில் இருப்பது போலத்தான் இருக்கும். கட்டியது மொத்தமே பத்து. சோதனை விமானம் 19901. பான் அமெரிக்கன் விமான நிறுவனத்துக்கு 19902, 19903, 19910. அமெரிக்கக் கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸுக்கு 19904. டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க விமான நிறுவனத்துக்கு 19905 முதல் 19909 வரை ஐந்து.

ஆகவே 3 என்றால் பான் அமெரிக்கன், 8 என்றால் டி.டபிள்யூ.ஏ. உடலில் நிறுவனத்தின் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாவிட்டால் இறக்கையைப் பாருங்கள். அக்கால அமெரிக்க விமானங்களில் வலது இறக்கையின் மேற்புறத்திலும் இடது இறக்கையின் அடிப்புறத்திலும் அதே எண்ணைப் பெரிதாக எழுதியிருப்பார்கள். படத்தை அங்குலத்துக்கு 1,200 புள்ளிகளாவது வைத்து ஸ்கேன் செய்யுங்கள்; ஓரங்களை வெட்ட வேண்டாம். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஆனால் அங்கே இருக்கும் பத்திரிகை அலுவலக முத்திரையின் தேதி, படம் அச்சான அல்லது கோப்புக்கு வந்த நாளாக இருக்கலாம். படம் எடுத்த நாள் அதுதான் என்று எழுதிவிடாதீர்கள்.

காலத்தைக் கணிக்க எழுத்துகளே உதவும். ‘என்’னுக்கு அடுத்த ‘சி’ வணிக விமானத்தைக் குறிக்கும், ‘எக்ஸ்’ சோதனை விமானத்தைக் குறிக்கும். 1948 முடிவோடு இந்த இரண்டாம் எழுத்தைக் கைவிட்டார்கள். உங்கள் படத்தில் ‘சி’ இருப்பதால் பெரும்பாலும் அது 1949க்கு முந்தையது. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், மீண்டும் வண்ணம் பூசும் வரை பழைய எழுத்து விமானத்திலேயே தங்கியிருக்கும்.

அடுத்து வாலைப் பாருங்கள். முதல் விமானம் 1938 டிசம்பர் 31 அன்று பறந்தது. 1939 மார்ச் 18 அன்று, நெதர்லாந்தின் கே.எல்.எம். விமான நிறுவனத்தாருக்குப் பறந்து காட்டியபோது சுழலில் சிக்கியது. அதிலிருந்து மீளும் முயற்சியில் இறக்கை முறிந்து, உள்ளே இருந்த பத்துப் பேரும் இறந்தார்கள். அதன்பின் செங்குத்து வாலைப் பெரிதாக்கி, முதுகோடு இணையும் நீண்ட துடுப்பையும் சேர்த்தார்கள். சிறிய வாலோடு, துடுப்பில்லாமல் ஒரு படம் கிடைத்தால் அது அந்தத் தொடக்க மாதங்களைச் சேர்ந்தது.

உங்கள் எண் 3 ஆகவே இருந்துவிட்டால் மகிழ்ச்சிதான். ‘கிளிப்பர் ஃபிளையிங் கிளவுட்’ என்ற அந்த விமானம் மட்டுமே இன்று முழுதாக எஞ்சியிருக்கிறது. பான் அமெரிக்கனிடமிருந்து கைமாறி, ஹைட்டி நாட்டுக்குப் போய்த் திரும்பி, 1972இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு வந்தது. பல ஆண்டுகள் புதுப்பித்து முடித்த பிறகு, 2002 மார்ச் 28 அன்று எரிபொருள் தீர்ந்து சியாட்டில் அருகே எலியட் வளைகுடாவில் இறங்கியது. அதில் இருந்த நால்வரும் தப்பினார்கள். உப்பு நீரைக் கழுவி, திரும்பவும் சீர்செய்து, 2003இல் பறந்தே அருங்காட்சியகம் சேர்ந்தது. ஹியூஸின் விமானம் 1964 புயலில் சேதமடைந்தது; அதன் உடற்பகுதியைப் படகாக மாற்றினார்கள்.

கேள்வி: அமெரிக்கப் பதிவேட்டில் டி.டபிள்யூ.ஏ. விமானங்களின் தடம் 1951 வாக்கில் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு எப்படித் தொடர்வது?

பதில்: வாலில் எழுதிய எண்ணை விட்டுவிட்டுத் தொழிற்சாலை வரிசை எண்ணைப் பிடியுங்கள். பதிவெண், நாடு மாறினால் மாறும். அமெரிக்காவில் ஒரு விமானம் விட்ட எண்ணை வேறொரு விமானத்துக்கும் தருவார்கள். தொழிற்சாலை எண் பிறப்புச் சான்றிதழ் மாதிரி, கடைசி வரை கூடவே வரும். 19903க்கு அந்த எண் 2003. (இதை ஆண்டென்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.)

பதிவு நீக்கப்படும் இடத்தில் காரணம் குறித்திருப்பார்கள்: வெளிநாட்டுக்கு விற்பனை, விபத்து, உடைப்பு. டி.டபிள்யூ.ஏ. விமானங்கள் ஐந்தும் பிரான்ஸின் எய்கில் அசூர் விமான நிறுவனத்துக்குப் போயின. ஆகவே அடுத்துப் பார்க்க வேண்டியது ‘எஃப்’ என்று தொடங்கும் பிரெஞ்சுப் பதிவேடு. அதன் பழைய பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் விமானமானால் அந்நாட்டு விமானத்துறையின் ஜி-இன்ஃபோ தளத்தில் பழைய பதிவேட்டுப் பக்கங்களின் ஸ்கேன் கிடைக்கும்.

அமெரிக்கக் கோப்பு ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானத்துறை) பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. பதிவுச் சுருக்கத்தோடு திருப்தி அடையாதீர்கள், முழுக் கோப்பையும் கேளுங்கள். விற்பனைப் பத்திரங்களில் இடைப்பட்ட உரிமையாளர்கள் வரிசையாக வருவார்கள். பெரிய பழுதுபார்ப்பையும் மாற்றங்களையும் 337ஆம் எண் படிவங்கள் சொல்லும்.

டக்ளஸ் விமானங்களைத் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: போர்க்கால சி-47 ராணுவப் போக்குவரத்து விமானங்கள் பலவற்றுக்கு இரண்டு தொழிற்சாலை எண்கள் உண்டு. ஒரு பட்டியல் ஒன்றையும் இன்னொரு பட்டியல் மற்றதையும் தந்தால், இரண்டு விமானங்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டாம் உலகப் போர் ஆண்டுகளில் ஸ்ட்ராட்டோலைனர்கள் எங்கே போயின? ‘42’ என்று தொடங்கும் எண் ஒன்றைப் பார்த்தேன்.

பதில்: டி.டபிள்யூ.ஏ.வின் ஐந்தையும் ராணுவம் எடுத்து சி-75 என்று பெயரிட்டது. ‘42’ என்பது ராணுவக் கணக்கில் சேர்ந்த நிதியாண்டு. விமானங்கள் அதற்கு முன்பே கட்டப்பட்டு, 1940 ஜூலையிலேயே பயணிகளோடு பறந்தவை. ராணுவ விமானங்களின் தனித்தனிப் பதிவு அட்டைகளுக்கு அலபாமாவின் மாக்ஸ்வெல் தளத்தில் உள்ள விமானப்படை வரலாற்று ஆய்வு நிறுவனத்துக்கு எழுதலாம்.

கேள்வி: இறக்கைத் துண்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அதன் எண், பி-17 குண்டுவீச்சு விமானத்தின் உதிரி எண் என்கிறார்கள். அப்படியானால் இது ஸ்ட்ராட்டோலைனர் இல்லைதானே?

பதில்: அவசரப்பட வேண்டாம். போர் முடியும் தறுவாயில் டி.டபிள்யூ.ஏ. விமானங்களைத் திரும்பக் கட்டியபோது பி-17ஜி இறக்கைகளைத்தான் பொருத்தினார்கள். காற்றழுத்தக் கருவிகளையும் கழற்றிவிட்டார்கள். உதிரி எண் சொல்வது அது எந்த வரைபடத்தின்படி செய்த பாகம் என்பதை மட்டுமே. அதே எண்ணோடு ஆயிரக்கணக்கான பாகங்கள் இருக்கும். குறிப்பிட்ட ஒரு விமானத்தோடு இணைக்க, தொழிற்சாலை எண் பொறித்த தகடு வேண்டும், அல்லது கண்டெடுத்த இடத்தின் உறுதியான ஆவணம் வேண்டும். தகட்டையும் கழற்றி வேறொன்றில் மாட்ட முடியும் என்பதால் ஆணித் துளைகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

கம்பித் தூரிகை, அமிலம், பாலிஷ் எதுவும் கூடாது. தொழிற்சாலைத் தர ஆய்வாளர்கள் பாகத்தின் மேல் அடித்த மை முத்திரை முதல் தேய்ப்பிலேயே போய்விடும். உலர்ந்த மெல்லிய தூரிகையால் மண்ணைத் தட்டுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பரப்போடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் பொறிப்பு நிழலாக எழும். மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தும் எடுக்கலாம்.

கேள்வி: ஒரே விமானத்துக்கு மூன்று நூல்கள் மூன்று தேதிகள் தருகின்றன. எதை எடுப்பது?

பதில்: மூன்றும் சரியாக இருக்கலாம். முதல் பறப்பு, ஒப்படைப்பு, பதிவு எல்லாம் வெவ்வேறு நாட்கள். குறிப்பேட்டில் தேதிக்குப் பக்கத்தில் ‘எதன் தேதி, எந்த ஆவணம்’ என்று எழுதாமல் ஒரு வரியும் சேர்க்காதீர்கள்.

கேள்வி: இந்தியர்கள் சென்ற ஸ்ட்ராட்டோலைனர் ஒன்று காணாமல் போனதாகச் சொல்கிறார்களே?

பதில்: உண்மை. அதன் பதிவெண் எஃப்-பி.இ.எல்.வி. இந்தோசீனாவில் போர்நிறுத்தத்தைக் கண்காணித்த சர்வதேச ஆணையத்துக்காகப் பறந்தது. இந்தியா தலைமையில் கனடாவும் போலந்தும் இருந்த ஆணையம் அது. 1965 அக்டோபர் 18 அன்று லாவோஸின் தலைநகர் வியந்தியானிலிருந்து ஹனோய்க்குப் புறப்பட்ட விமானம் போய்ச் சேரவில்லை. பதின்மூன்று பேர்: ஆணையத்தவர் ஒன்பது, பிரெஞ்சு ஊழியர் நான்கு. அந்தக் குடும்பங்களுக்காகவாவது இந்தத் தடத்தை யாராவது கவனமாகத் தொடர வேண்டும்.

தேடும் இடங்கள் மூன்று நாடுகளில் இருக்கின்றன. விமானத்துக்குப் பிரெஞ்சுப் பதிவேடு. பயணிகளுக்கு டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் வெளியுறவு அமைச்சகக் கோப்புகள், ஒட்டாவாவில் கனடா நூலக ஆவணக் காப்பகம். டெல்லி காப்பகத்தின் அட்டவணையை அபிலேக் படல் தளத்தில் பார்க்கலாம். ‘ஸ்ட்ராட்டோலைனர்’ என்று தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்; அமைச்சகக் கோப்புக்கு விமான வகையைத் தலைப்பாக வைப்பதில்லை. ஆணையத்தின் பெயர், லாவோஸ், வியந்தியான், 1965, 1966 என்று மாற்றி மாற்றித் தேடுங்கள்.