ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டுமா?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். திண்டுக்கல்லில் இருந்து எழுதுகிறேன், பெயர் போட வேண்டாம். எனக்குக் கைவேலை என்றால் உயிர். ஒயர் கூடை போடுவேன், குரோஷா தெரியும், கொஞ்ச நாள் காகிதப் பட்டையைச் சுருட்டி குவில்லிங் கம்மல் செய்தேன், மண்ணிலும் நகை செய்து பார்த்தேன், இப்போது எம்ப்ராய்டரியில் இறங்கியிருக்கிறேன். எதையும் முழுதாகக் கற்று முடித்தேன் என்று சொல்ல முடியாது. பீரோ மேலே, கட்டிலுக்கு அடியில் என்று பாதியில் நிற்கும் வேலைகள் பைபையாகக் கிடக்கின்றன. "இப்படித் தாவிக்கொண்டே இருந்தால் எதிலும் தேற மாட்டாய், ஒன்றைப் பிடித்து நாலு காசு பார்" என்கிறார் வீட்டுக்காரர். கோபமாக இல்லை, அக்கறையாகத்தான் சொல்கிறார். பக்கத்து வீட்டில் கொலுவுக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்கச் சின்னக் கூடை பத்து கேட்டிருக்கிறார்கள். ஒரே கூடையைப் பத்து தடவை போட வேண்டும் என்று நினைத்தாலே எனக்குச் சலிப்பாக இருக்கிறது. என்னிடம்தான் குறையா? இன்னொன்று, எட்டு வயது மகள் தனக்கும் கற்றுக்கொடு என்று கேட்கிறாள். எதில் தொடங்கலாம்?

அன்புள்ள தங்கைக்கு,

உங்களிடம் ஒரு குறையும் இல்லை. "ஒன்றைப் பிடி" என்பது பட்டறைக்குச் சொல்ல வேண்டிய புத்தி. கூலிக்குச் செய்கிறவர் ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் கை வேகம் வரும், வேகம் வந்தால்தான் கூலி கட்டும். நம் தெற்கிலேயே இதற்கு உதாரணம் உண்டு. நாகர்கோவிலில் மிஷனரி குடும்பத்துப் பெண்மணியான மார்த்தா மால்ட் உள்ளூர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை 1844இல் மணந்து இடையன்குடிக்குப் போனவர், அங்கேயும் அந்த வேலையைத் தொடங்கினார். தனக்கென்று ஒரு காசும் கையில் இல்லாத பெண்களுக்கு அது சொந்த வருமானம், அதை நான் மிகப் பெரிய காரியமாக நினைக்கிறேன். ஆனால் விற்பனைக்கு என்று ஆனபிறகு கேட்ட டிசைனைக் கேட்ட அளவில் போட்டுத்தான் ஆகவேண்டும், இன்றைக்கு வேறு ஏதாவது செய்து பார்ப்போமே என்று தோன்றினால் அதற்கு இடம் கிடையாது. உங்களுக்கு அந்த இடம் இருக்கிறது. அதை எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்?

அதோடு, தாவுவதால் எதுவும் வீணாகவில்லை. ஒயர் கூடையில் அடிப்பாகம் தளர்ந்தால் பக்கம் எழும்பும்போது கூடை ஒரு பக்கமாகச் சாயும், சாதா முடிச்சானாலும் நெல்லிக்காய் முடிச்சானாலும் இழுப்பு ஒரே சீராக இருக்க வேண்டும் என்பது உங்கள் விரலுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். குரோஷாவில் அதே இழுப்பு அதிகமானால் அடுத்த சுற்றில் ஊசி நுழையாது, எம்ப்ராய்டரியில் அதிகமானால் துணி சுருங்கிக்கொள்ளும். மூன்றும் ஒரே பாடம்தான், மூன்று பொருளில் படித்தால் ஆழமாக இறங்குகிறது. எண்ணிக்கையும் அப்படித்தான். சிங்கிள் குரோஷேயில் தட்டையான வட்டம் வேண்டுமென்றால் 6 கண்ணியில் தொடங்கி ஒவ்வொரு சுற்றிலும் ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டு போகிறோம், 12, 18, 24 என்று. கூட்டுவதை நிறுத்தினால் ஓரம் எழும்பிக் கிண்ணமாகிவிடும், அளவுக்கு மேல் கூட்டினால் ஓரம் அலையடிக்கும். இது புரிந்தவளுக்கு மகளின் கவுனில் ஃப்ரில் வைப்பது தனிப் பாடமே இல்லை, ஓரத்தில் துணி கூடினால் அலை வரும், அவ்வளவுதான். இப்போது எம்ப்ராய்டரியில் இருக்கிறீர்கள் அல்லவா, வாய்ப்புக் கிடைத்தால் நீலகிரித் தோடர் பெண்கள் பூத்துக்குளி என்ற தங்கள் போர்வையில் போடுகிற வேலையை அருகில் வைத்துப் பாருங்கள். துணியில் வரைந்துகொள்வதில்லை, ஃபிரேம் மாட்டுவதில்லை, நெசவின் இழைகளை எண்ணியே சிவப்பும் கருப்புமாகப் போட்டுக்கொண்டு போகிறார்கள். குரோஷாவில் எண்ணிப் பழகிய கண் உங்களுடையது, வரைந்த பூவின் மேல் தைப்பதைவிட இழை எண்ணிப் போடும் வேலைதான் உங்களுக்குச் சீக்கிரம் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

உடம்பும் இதைத்தான் கேட்கிறது. ஒயர் கட்டைவிரலையும் விரல் நுனியையும் பதம் பார்க்கும், குரோஷா மணிக்கட்டை, எம்ப்ராய்டரி கண்ணையும் கழுத்தையும். மாற்றி மாற்றிச் செய்தால் ஒன்று உழைக்கும்போது மற்றது ஓய்வெடுக்கும். அப்புறம், எல்லா வேலையும் எல்லா நேரத்துக்கும் ஒத்துவராது. டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருக்க, பேச்சும் நடந்துகொண்டிருக்க, கூடையின் பக்கத்தைப் போட்டுக்கொண்டே போகலாம். இழை எண்ணும் வேலைக்குப் பகல் வெளிச்சமும் யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரமும் வேண்டும், அது எல்லா வீட்டிலும் எல்லா நாளும் கிடைத்துவிடாது.

சரி, அந்தப் பைகளுக்கு வருவோம். பாதியில் நிற்கிறதே என்று வருந்த வேண்டாம், ஆனால் எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒயர் கூடை வருஷக்கணக்கில் காத்திருக்கும். வெட்டிய ஒயர்களை ரப்பர் பேண்டால் மட்டும் கட்டி வைக்காதீர்கள், நம் ஊர் வெக்கையில் அது இளகி ஒயரோடு ஒட்டிக்கொள்ளும், துணி நாடாவால் கட்டுங்கள். குரோஷாவும் காத்திருக்கும், கடைசிக் கண்ணியில் ஒரு ஊக்கு மாட்டி, எத்தனையாவது சுற்று, எந்த அளவு ஊசி என்று துண்டுச் சீட்டில் எழுதி அதோடு வைத்தால் போதும். பிடிக்காவிட்டால் பிரித்துவிடலாம், நூல் அப்படியே திரும்பக் கிடைக்கும். ஒயரைப் பிரித்தால் முடிச்சு விழுந்த இடமெல்லாம் மடிப்பாக நிற்கும், அது பிறகு சின்னக் கூடைக்குத்தான் ஆகும். எம்ப்ராய்டரியை ஃபிரேமிலேயே விடாதீர்கள், மாதக்கணக்கில் அப்படியே கிடந்தால் வட்டமாகத் தடம் விழுந்து, அதில் அழுக்கும் படிந்துவிட்டால் துவைத்தாலும் போவது கஷ்டம். மண் காத்திருக்கவே காத்திருக்காது. பாதி செய்த மண் நகையைத் திறந்து வைத்தால் இறுகிவிடும், அவசரப்பட்டு ஈரத்தோடு சுட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடித்துவிடும், நிழலில் நன்றாக உலர்ந்த பிறகுதான் நெருப்புக்குப் போக வேண்டும். ஆகவே மண்ணை எடுக்கிற வாரம் மண் மட்டும். மற்றவற்றில் எத்தனை வேண்டுமானாலும் தாவுங்கள்.

பக்கத்து வீட்டுக் கூடைகள். வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, பத்து என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். "ஐந்து போட்டுத் தருகிறேன், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில், முடிச்சும் மாற்றி" என்று சொல்லிப் பாருங்கள். ஒன்று சாதா முடிச்சு, ஒன்று சிவன் கண், ஒன்று நெல்லிக்காய். ஐந்தும் ஐந்து விதமாக இருந்தால் உங்களுக்குச் சலிக்காது, வாங்குகிறவர்களுக்கும் அழகாகத்தான் இருக்கும். விலை சொல்வதற்கு முன் ஒரு கூடையை மணி பார்த்துப் போடுங்கள், ஒயர் விலையோடு அந்த நேரத்துக்கும் கூலி சேர்த்துக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். கடையில் குறைவாகக் கிடைக்கிறதே என்றால் கடையிலேயே வாங்கிக்கொள்ளட்டும், அதில் இரண்டு பேருக்கும் வருத்தம் தேவையில்லை. நம் வீட்டுப் பெண்களின் கைவேலைக்கு ஒயர் விலையைக் கொடுத்தால் போதும் என்று நினைக்கும் பழக்கம்தான் என்னைக் கோபப்படுத்துகிறது. குரோஷாவில் யாராவது கேட்டால் இன்னும் உறுதியாக இருங்கள். இயந்திரங்கள் போடுவது நிட்டிங் வகைப் பின்னல், அசல் குரோஷா இன்றுவரை கையால்தான் வருகிறது. வீட்டுக்காரரிடமும் இந்தக் கணக்கையே காட்டுங்கள். காசு வேண்டிய மாதம் காசுக்குச் செய்யலாம், மற்ற மாதங்களில் உங்கள் இஷ்டம்.

மகளுக்கு ஒயர் இப்போது வேண்டாம், முடிச்சை இறுக்கிச் சீராக இழுக்க எட்டு வயது விரலுக்குப் பலம் போதாது, வலித்தால் வெறுத்துவிடுவாள். தடித்த கம்பளி நூலும் 5 மில்லிமீட்டர் குரோஷா ஊசியும் வாங்கிக் கொடுங்கள். சங்கிலி மட்டும் போடட்டும், எவ்வளவு நீளம் வேண்டுமானாலும். அதை வைத்து ஜடையில் கட்டிக்கொள்வாள், பொம்மைக்கு மாலை போடுவாள், நீங்கள் அடுத்த பாடத்துக்கு அவசரப்படுத்தாதீர்கள். நூல் மட்டும் வெளிர் நிறமாக இருக்கட்டும், கருப்பிலும் கருநீலத்திலும் கண்ணி எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது.

அன்புடன்,
அக்கா