பொங்கல் விடுமுறையில் படப் புத்தகமும் வீட்டுச் சாப்பாடும்: கேள்வி பதில்

பொங்கல் விடுமுறையில் சிறு குழந்தைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவது, அவர்களோடு சேர்ந்து சமைத்து உண்பது ஆகியவை குறித்து உறுப்பினர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு, மழலையர் வகுப்பில் இருபத்தெட்டு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், இரண்டு பேரக்குழந்தைகளின் பாட்டி என்ற முறையிலும், இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. கைபேசியில் படம் ஓடினால்தான் வாயைத் திறப்பான். அதற்குப் பதிலாகப் படப் புத்தகத்தைக் காட்டி ஊட்டலாமா? (ஒரு தாய், ஈரோடு)

கைபேசியை விலக்க நினைத்தது நல்ல முடிவு, அம்மா. ஆனால் அந்த இடத்தில் புத்தகத்தை வைக்க வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தைக் காட்டி அவன் அசந்த நேரத்தில் ஒரு வாய் திணித்தால், சோற்றின் ருசியும் அவனுக்குத் தெரியாது, கதையும் மனத்தில் நிற்காது. வயிறு நிறைந்ததை உணர்ந்து போதும் என்று சொல்லவும் அவன் பழக மாட்டான். நாளடைவில் புத்தகத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தைகளை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் வகுத்துத் தந்த முறை ஒன்று உண்டு. என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பவற்றைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். உண்பதா, எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தை முடிவு செய்ய வேண்டும். நம் வீடுகளில் இதைக் கடைப்பிடிப்பது கடினம், ஏனெனில் தட்டில் மீதம் வைத்தால் நமக்கு மனம் பொறுப்பதில்லை. ஆகவே முதலிலேயே குறைவாகப் பரிமாறுங்கள். அவனைத் தனியாக உட்கார வைத்து ஊட்டாமல், குடும்பத்தோடு தரையில் அமர்த்தி, நீங்கள் உண்பதையே காரம் குறைத்து அவன் தட்டிலும் வையுங்கள். ஒரு புதிய காயை ஏற்றுக்கொள்ளும் முன் குழந்தை அதைப் பத்துப் பதினைந்து முறைகூடப் பார்க்கவும் தொடவும் நக்கவும் வேண்டியிருக்கலாம். மூன்றாம் நாளே இவனுக்கு அவரைக்காய் பிடிக்காது என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். புத்தகத்தை, கை கழுவி வந்த பிறகு, மடியில் வைத்துப் பிரியுங்கள்.

கேள்வி: அப்படியானால் புத்தகத்துக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பே வேண்டாமா? (அதே தாய்)

தொடர்பு வேண்டும், ஆனால் அது குழந்தையின் கைவழியாகவும் பேச்சுவழியாகவும் வர வேண்டும். பொங்கல் பற்றிய படக்கதை எதை எடுத்தாலும் பானை பொங்கும் பக்கம் ஒன்று இருக்கும். அந்தப் பக்கத்துக்கு முன் சற்று நிறுத்தி, "இப்போது என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். நான்கைந்து நாள் வாசித்த பின், நீங்கள் பக்கத்தைத் திருப்பும் முன்பே "பொங்கலோ பொங்கல்" என்று அவனே கத்துவான். தைப்பொங்கல் அன்று பாலும் அரிசிக் களைந்த நீரும் நுரைத்துப் பானையின் கழுத்துவரை ஏறி வரும்போது, ஏற்கெனவே அறிந்த ஒன்று உண்மையாகவே நடக்கிறது என்ற வியப்பு அவன் முகத்தில் தெரியும். அதற்காகவே சொல்கிறேன், அன்று ஒருநாளாவது குக்கரை ஒதுக்கிவிட்டுத் திறந்த பாத்திரத்தில் பொங்குங்கள். குக்கருக்குள் நடப்பதைக் குழந்தை பார்க்க முடியாது. அடுப்புக்கும் அவனுக்கும் நடுவே மூன்றடி தூரமும் அவனைப் பிடித்துக்கொள்ள ஒரு பெரியவரும் கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: பத்து மாதக் குழந்தைக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுக்கலாமா? (ஒரு தந்தை, திருச்சி)

வெல்லம் சேர்த்த பொங்கல் இப்போது வேண்டாம். இரண்டு வயதுவரை சர்க்கரை சேர்க்காமல் இருப்பதே நல்லது, வெல்லமும் அதில் அடங்கும். ஆனால் பண்டிகை நாளில் குழந்தையை விலக்கி வைக்கத் தேவையில்லை. பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைந்த பிறகுதான் எப்படியும் வெல்லப்பாகு ஊற்றுவோம், முன்பே ஊற்றினால் அரிசி வேகாமல் விறைத்துப்போகும். அந்த நேரத்தில் இரண்டு கரண்டி தனியே எடுத்து, மசித்து, ஒரு துளி நெய் விட்டுக் கொடுங்கள். ஒரு வயது நிறையும்வரை தேன் நாக்கில் தடவுவதுகூடக் கூடாது, அதனால் கைக்குழந்தைகளுக்குக் கடுமையான நச்சு நோய் வரக்கூடும். முழு முந்திரியும் கரும்புத் துண்டும் தொண்டையில் சிக்கும் என்பதால் ஐந்து வயதுவரை முந்திரியைப் பொடித்தே போடுங்கள். வெண்பொங்கலில் மிளகையும் அவ்வாறே தட்டிப் போடலாம்.

கேள்வி: எங்கள் மகளுக்கு நான்கு வயது. சமையலறைக்குள் விட்டால் வேலை இரட்டிப்பாகிறது. உண்மையில் அவளால் என்ன செய்ய முடியும்? (ஒரு தாய், தாம்பரம்)

நிறையவே முடியும். எனக்கு மிகவும் பிடித்த வேலை மொச்சை பிதுக்குவது. காய்ந்த மொச்சையை இரவு ஊறவைத்து, காலையில் ஒரு கிண்ணத்தில் கொடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தோல் விரலில் தங்க, வழுவழுப்பான பருப்பு மட்டும் துள்ளிக் கிண்ணத்தில் விழும். சில எதிர்ச் சுவரில் போய் விழும். என் பேத்தி அரை மணி நேரம் எழுந்திருக்காமல் இதைச் செய்தாள். கூட்டு பரிமாறியபோது, வழக்கமாக ஒதுக்கும் பரங்கிக்காயோடு சேர்த்து, "இது நான் பிதுக்கியது" என்று சொல்லிச் சொல்லி உண்டாள். சின்னக் குழந்தைகள் பருப்பை மூக்கில் போட்டுக்கொள்வது உண்டு என்பதால் அருகிலேயே இருங்கள். வேலை இரட்டிப்பாவது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. விடுமுறை நாளில் ஒரு வேளைச் சமையலை மட்டும் இதற்கென்று ஒதுக்குங்கள்.

கேள்வி: நல்ல தமிழ்ப் படப் புத்தகங்கள் எங்கே கிடைக்கும்? (ஒரு தந்தை, ஓசூர்)

சென்னையில் 1996 முதல் இயங்கும் தூலிகா பதிப்பகம் தமிழிலும் இருமொழிகளிலும் படப் புத்தகங்கள் வெளியிடுகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை விலை குறைவானது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் படிக்கலாம், அச்சிட்டும் கொள்ளலாம். சென்னைப் புத்தகக் காட்சியும் பெரும்பாலும் பொங்கலை ஒட்டியே நடக்கும். குழந்தையை அழைத்துச் சென்று ஒரு புத்தகத்தையாவது அவளே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

கேள்வி: படத்தில் மண் அடுப்பும் மாடும் இருக்கின்றன. நாங்கள் மூன்றாம் மாடியில் வசிக்கிறோம். "நம் மாடு எங்கே?" என்று கேட்கும் மகளுக்கு என்ன சொல்வது? (ஒரு தாய், கோவை)

இல்லை என்ற வருத்தத்தோடு பதில் சொல்லாதீர்கள். படத்தில் இருப்பவற்றில் எவை நம் வீட்டிலும் இருக்கின்றன என்று அவளையே தேடச் சொல்லுங்கள். பானைக் கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்து, கரும்பு, அரிசி, வாசல் கோலம் என்று அவள் விரல் வைத்துக் காட்டுவாள். மாட்டுப் பொங்கல் அன்று உங்கள் பகுதியில் பால் கறக்கும் இடம் ஏதேனும் இருந்தால் ஒரு வாழைப்பழத்தோடு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எனக்குக் கண்புரை. எழுத்து மங்கலாகத் தெரிகிறது. பேரன் கதை கேட்டு மடியில் ஏறுகிறான். (ஒரு தாத்தா, கும்பகோணம்)

ஐயா, எழுத்தை விடுங்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று பேரனைச் சொல்லச் சொல்லி, அவன் "பாட்டி, பானை" என்றால் "ஆமாம், பாட்டி பெரிய வெண்கலப் பானையில் பொங்குகிறார்" என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். உங்கள் சிறுவயதுப் போகியையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்வளம் இப்படித்தான் பெருகுகிறது.

கேள்வி: வாங்கிய மூன்றாம் நாளே புத்தகத்தைக் கிழித்துவிட்டாள். இனி எட்டாத இடத்தில் வைத்துவிடலாமா? (ஒரு தாய், மதுரை)

வேண்டாம், கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கட்டும். அதட்டாமல் அவளையும் உட்கார வைத்து ஒட்டுங்கள். நாங்கள் சிறுவயதில் செய்ததுபோல, வடித்த சோற்றில் நான்கு பருக்கைகளை எடுத்து, விரலால் நசுக்கி, கிழிந்த விளிம்பில் மெல்லிய தாள் துண்டு வைத்துத் தடவ அவளுக்கே கற்றுக்கொடுங்கள். தடிப்பாகத் தடவினால் எறும்பு வரும், ஆகவே மெல்லத் தடவி, புத்தகத்தைத் திறந்தபடியே நிழலில் அரை நாள் காயவிடுங்கள்.