கிணற்றுக்கும் பொருளியலுக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கும் மகள், ஆய்வுக்கு எங்கள் ஊர்க் கிணறுகளை எடுக்கப் போகிறாளாம். இது என்ன பொருளியல்?
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: நல்ல தலைப்பு அம்மா, விடாதீர்கள். நம் சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் நீர் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை, நீங்கள் மோட்டர் போட்டு வெங்காயத்துக்கு இறைத்தால் பக்கத்துத் தோட்டக் கிணறும் கொஞ்சம் இறங்கும், அளவு மிஞ்சினால் உவர் ஏறிவிடும், அந்த இழப்பு இறைக்காதவர் தலையிலும் விழும். எடுப்பது யார், சுமப்பது யார்? பொதுத்துறைப் பொருளியல் கேட்பது இதைத்தான்.

அமெரிக்க அரசியல் அறிவியலாளர் எலினோர் ஒஸ்ட்ரம் 1965இல் முடித்த கலாநிதிப்பட்ட ஆய்வே, தெற்குக் கலிபோர்னியாவில் கடல்நீர் புகுந்த ஒரு நிலத்தடி நீர்ப்படுகை பற்றியதுதான். அங்கே நீர் எடுத்தவர்களே கூடிப் பேசி, நீதிமன்றத் துணையோடு, ஆளுக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்தார்கள். பொதுவளங்களை மக்கள் தாங்களே நிர்வகிப்பது பற்றிய ஆய்வுகளுக்காக 2009இல் அவருக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர்.

சரி, மகள் எங்கே தொடங்கலாம்? துலாக் காலத்தில் பங்குக் கிணற்றில் இறைப்பு முறையை எப்படிப் பிரித்தார்கள், முறை தவறியவரை என்ன செய்தார்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும்.