வேர் இல்லாத அப்டேட்

கேள்வி: மைஸ்க்யூஎல் 8.0 டேட்டாபேஸ் வச்சிருக்கோம். தினம் ராத்திரி 2 மணிக்கு கிரான்ல (குறிச்ச நேரத்துக்கு வேலையைத் தானா ஓட்டுறது) மைஸ்க்யூஎல்டம்ப், அதாவது முழு டேட்டாவையும் ஒரு ஃபைலா எடுக்கற பேக்கப், ஓடும். நேத்து மத்தியானம் 3 மணிக்கு வேர் கிளாஸ் (எந்த ரோவை மாத்தணும்னு சொல்ற WHERE) போடாம ஒரு அப்டேட் அடிச்சிட்டேன், டேபிள்ல ஒரு காலம் (column) முழுக்க ஒரே வேல்யூ ஆயிடுச்சு. 13 மணி நேர டேட்டா அவ்ளோதானா?

பதில்: வேர் இல்லைன்னா சாயத்தானே செய்யும்! பதறாதீங்க, ஆனா ராத்திரி டம்பை மட்டும் லைவ் மேல ஏத்திடாதீங்க. அதுல ஒவ்வொரு டேபிளுக்கும் முன்னாடி ட்ராப் டேபிள் இருக்கும், காலைல இருந்து வந்த நல்ல ரெக்கார்டும் சேர்ந்து போயிடும்.

8.0ல பைனரி லாக் (டேட்டால நடக்கற ஒவ்வொரு மாத்தத்தையும் எழுதி வைக்கற ஃபைல்) தானாவே ஆன்ல இருக்கும், யாரும் செட்டிங்ல கை வைக்கலைன்னா 30 நாளுக்கு நிக்கும். மொதல்ல அந்த ஃபைல்களை வேற இடத்துக்கு காப்பி பண்ணுங்க. அப்புறம் தனியா ஒரு சர்வர்ல டம்பை ஏத்தி, அந்த லாக்கைப் படிக்கற மைஸ்க்யூஎல்பின்லாக் டூல் வச்சு 2 மணியில இருந்து அந்த அப்டேட்டுக்கு ஒரு அடி முன்னாடி வரைக்கும் ஓட்டுங்க. எங்க நிறுத்தணும்ங்கறதை டைம் வச்சு சொல்லாதீங்க, ஒரே செகண்டுல நூறு டிரான்ஸாக்ஷன் இருக்கலாம், ஸ்டாப் பொசிஷன் (லாக் ஃபைல்ல நிறுத்த வேண்டிய இடத்தோட நம்பர்) குடுங்க. எங்க ஆரம்பிக்கணும்ங்கறது டம்ப் ஃபைலோட தலையிலயே இருக்கும், ஆனா டம்ப் எடுக்கும்போது சோர்ஸ்-டேட்டா ஆப்ஷன் போட்டிருந்தாத்தான் (8.0.26க்கு முன்னாடி அதுக்கு மாஸ்டர்-டேட்டான்னு பேரு). போடலையா, குத்துமதிப்பா தேடணும், டூப்ளிகேட் கீ எரர் வந்து உயிரை வாங்கும்.

அது முடிஞ்சதும் முழு டேபிளையும் தூக்கிட்டு வர வேணாம், கெட்டுப்போன அந்த ஒரு காலத்தை (column) மட்டும் பிரைமரி கீ (ஒவ்வொரு ரோவுக்கும் உள்ள தனி அடையாளம்) வச்சு லைவுக்கு எடுத்துட்டு வாங்க. 3 மணிக்கு அப்புறம் யாராவது சரியா மாத்தின ரோ இருந்தா அதை விட்டுடுங்க.

கேள்வி: டம்பை ரிஸ்டோர் பண்ணா டேபிள், ட்ரிகர் (டேபிள் மாறும்போது தானா ஓடுற கோட்) எல்லாம் வருது, ஸ்டோர்ட் ப்ரொசீஜர் (டேட்டாபேஸ்லயே சேமிச்சு வச்ச, கூப்பிட்டா ஓடுற கோட்) ஒண்ணுகூட வரல. ஃபைல் கரப்ட்டா?

பதில்: ஃபைல் நல்லாத்தான் இருக்கு, நீங்க கேக்கல அது குடுக்கல. ட்ரிகர் தானா வரும், ப்ரொசீஜருக்கு ரூட்டீன்ஸ், ஷெட்யூல் பண்ண வேலைக்கு ஈவென்ட்ஸ்னு தனித்தனியா ஆப்ஷன் போடணும். இப்பவாவது ரிஸ்டோர் பண்ணிப் பாத்தீங்களே! 2017 ஜனவரி 31 அன்னைக்கு கோட் சேமிச்சு வைக்கற தளமான கிட்லேப்ல தப்பான சர்வர்ல டேட்டா டைரக்டரியை அழிச்சப்புறம்தான், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோட 9.6 சர்வருக்கு 9.2 பிஜிடம்ப் (அதோட பேக்கப் டூல்) ஓடி பேக்கப்பே விழாம இருந்தது தெரிஞ்சது, கடைசில கைவசம் இருந்த 6 மணி நேரத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்லதான் மீண்டாங்க.