மலை ஏறும்போது மட்டும் பழைய டீசல் ஜீப் சூடாவது ஏன்?

சேலத்துக்குள் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது, ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டுவதற்குள் சிவப்பைத் தொடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் முதல் சந்தேகம் காற்றோட்டத்தின் மேல்தான். இரண்டாவது கியரில் ஏறும்போது எதிர்க்காற்று கிடையாது. ஃபேன் இழுப்பதுதான் எல்லாம். ஃபேனைச் சுற்றும் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். 10 முதல் 15 மி.மீ. இறங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்கும், அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்பும் மந்தமாகும். ஃபேனைச் சுற்றியிருக்கும் கூண்டை யாராவது கழற்றிப் போட்டிருந்தால் தயவுசெய்து திரும்ப மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்துக் காற்றையே சுழற்றும்.

அடுத்தது ரேடியேட்டர். போர் தண்ணீரையே ஊற்றி வந்திருந்தால் உள்ளே உப்பு படிந்திருக்கும். சூடான எஞ்சினை நிறுத்தி, ஃபேன் நின்றபின், ரேடியேட்டர் முகப்பில் உள்ளங்கையை ஒட்டாமல் மெல்ல நகர்த்துங்கள். திட்டுத் திட்டாக ஆறிக் கிடக்கும் இடங்கள் அடைத்த குழாய்கள். செம்பு ரேடியேட்டர் என்றால் கடையில் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யலாம். பிறகு கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி.

தெர்மோஸ்டாட்டை (தண்ணீர் சூடானபின் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) கழற்றி எறியாதீர்கள். பல எஞ்சின்களில் அது இல்லாமல் போனால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் பைபாஸ் என்னும் குறுக்கு வழியில் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும்.

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் குமிழி நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டும்வரை மலை ஏற்ற வேண்டாம்.

வழியில் முள் ஏறினால் ஒதுக்கி நிறுத்துங்கள். அரை மணி நேரமாவது ஆறாமல் மூடியில் கை வைக்காதீர்கள்.