பதினொன்றாம் வகுப்பு வரை நடக்கட்டுமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கேட்பாரற்றுத் துருப்பிடிக்கும் சைக்கிள்களைப் பழுது பார்த்து, பக்கத்துக் கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க இளைஞர்கள் சிலர் முடிவு செய்திருக்கிறோம். “அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது, உங்களுக்கெதற்கு வேண்டாத வேலை?” என்கிறார் சங்கத் தலைவர். அவர் சொல்வது சரியா?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தலைவருக்குப் பாதிதான் தெரிந்திருக்கிறது. அரசு சைக்கிள் கைக்கு வருவது பதினொன்றாம் வகுப்பில். 2001-02இல் மேல்நிலை வகுப்பு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய திட்டம், பின்னாளில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு? கல்வி உரிமைச் சட்ட விதிகளின்படி நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள் இருந்தால் போதும். போக 3, வர 3. பஸ் பாஸ் இலவசம்தான், பஸ் வரவேண்டுமே!

அதனால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் துடைத்துப் பெயின்ட் அடித்துக் கொடுப்பதைப் பழுது பார்ப்பது என்று நினைத்துவிடாதீர்கள். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் டயரும் டியூபும் வெடித்துப்போயிருக்கும். அவற்றைப் புதிதாகத்தான் போட வேண்டும். பிரேக் கட்டை, பிரேக் கம்பி இரண்டையும் யோசிக்காமல் மாற்றுங்கள். ஃபிரேமில் விரிசல் கண்டால் அந்த வண்டி உதிரிபாகத்துக்கு மட்டுமே ஆகும். மூன்று வண்டியைப் பிரித்து ஒன்று தேறினாலும் லாபம்தான்.

அடுக்குமாடிகளில் கிடப்பவை பெரும்பாலும் கியர் சைக்கிள்கள். கியர் கெட்டால் கிராமத்துக் கடையில் சாமான் கிடைக்காது. கழற்றிவிட்டு, பின் சக்கரத்தில் ஒற்றைப் பல்சக்கரம் (ஃப்ரீவீல்) போட்டுவிடுங்கள். கேரியரும் ஸ்டாண்டும் இருக்காது, அவற்றையும் மாட்டுங்கள். புத்தகப் பை வைக்கவும் தம்பியோ தங்கையோ ஏறவும் இடம் வேண்டாமா? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாடகை சைக்கிள் நிறுவனங்கள் மூடியபின் கேட்பாரற்றுப் போன வண்டிகளை வாங்கி, 2019இல் மியான்மர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோனார்கள். ஆப்பில் திறக்கும் பூட்டைக் கழற்றிவிட்டு, பின்னால் ஓர் இருக்கை வைத்துத்தான் கொடுத்தார்கள். அந்த ஊர்ப் பிள்ளை எப்படிப் போகும் வரும் என்று யோசித்தவர்கள் செய்கிற வேலை அது.

அமெரிக்காவின் பாஸ்டனில் ‘பைக்ஸ் நாட் பாம்ஸ்’ என்றொரு அமைப்பு. 1984இல் நிகரகுவாவுக்குப் பழைய சைக்கிள் அனுப்பத் தொடங்கியவர்கள். பாஸ்டனில் அவர்களுடைய பட்டறைக்குப் பிள்ளைகளே வந்து, வேலை கற்றுக்கொண்டு, தாங்கள் சரிசெய்த சைக்கிளை வீட்டுக்கு ஓட்டிப் போகிறார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம். பஞ்சர் ஒட்டவும் செயின் மாட்டவும் தெரிந்த பிள்ளையின் சைக்கிள் இரண்டாம் மாதமே திண்ணையில் சாய்ந்து கிடக்காது.

இன்னொன்று. மேடை, மாலை, பொன்னாடை எல்லாம் வேண்டாம். நன்கொடையாளர் பெயரை சைக்கிள் பாரில் பெரிய எழுத்தில் எழுதவே எழுதாதீர்கள்; அந்த விளம்பரப் பலகையைத் தினமும் பள்ளிக்கு ஓட்டிப் போகப்போவது பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அந்தச் செலவில் வண்டிக்கு ஒரு உபரி டியூபும், ஊருக்கு ஒரு காற்றடிக்கும் பம்பும் வாங்கலாம்.

வண்டிகளை ஒப்படைக்கும் முன் அந்த ஊர் சைக்கிள் கடைக்காரரிடம் காட்டுங்கள். “இதுக்கு எங்கிட்ட சாமான் இல்லீங்களே” என்று அவர் எதைச் சொல்கிறாரோ, அதை மறுபடி பட்டறைக்கே எடுத்து வந்துவிடுங்கள்.