கல் ஆடினால் கத்தி கூராகாது

கேள்வி: குளச்சல் பக்கம் வசிக்கிறோம். தினமும் மீன் வெட்டும் வீடு. ஒருபுறம் சொரசொரப்பும் மறுபுறம் நைசுமாக, இருபுறமும் தீட்டக்கூடிய கார்பரண்டம் கல் ஒன்று வாங்கினேன். அடுக்களை கிரானைட் மேடையில் வைத்துத் தீட்டினால் கல் வழுக்கிக்கொண்டே போகிறது. பழைய ரப்பர் செருப்பை வெட்டி அடியில் வைத்தும் சரியாகவில்லை. அன்றைக்குக் கூராகத் தெரிகிற கத்தி, இரண்டு நாளில் அயிலை மீனின் வயிற்றைக்கூடக் கிழிக்க மறுக்கிறது. விலை கூடிய பெரிய கல் வாங்க வேண்டுமா? தேங்காய் எண்ணெய் விட்டுத் தீட்டலாமா?

பதில்: கல்லை மாற்ற வேண்டாம், அது உட்காரும் இடத்தைச் சரிசெய்யுங்கள். உங்கள் கத்தி சீக்கிரம் மழுங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

அடுக்களைக் கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 டிகிரி சாய்வு போதும். 4 சென்டிமீட்டர் அகலமுள்ள கத்தியை 20 டிகிரியில் பிடிப்பதென்றால் அதன் முதுகு கல்லிலிருந்து ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். 15 டிகிரிக்கு 10 மில்லிமீட்டர். வித்தியாசம் வெறும் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். இப்போது உங்கள் செருப்புத் துண்டைப் பாருங்கள். 2 அங்குல அகலக் கல்லின் ஒரு ஓரம் அதன்மேல் 3 மில்லிமீட்டர் அமுங்கினாலே சாய்வு 3 டிகிரிக்கு மேல் மாறிவிடும். கை எவ்வளவு நிதானமாக இருந்தாலும் ஒவ்வொரு இழுப்பிலும் வேறொரு கோணம் விழும். கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, கூராவதற்குப் பதில் உருண்டுபோகும். மெத்தென்ற எதையும் கல்லுக்கு அடியில் வைக்கக் கூடாது என்பது இதனால்தான். நாலாக மடித்த துணியும் இதே வேலையைத்தான் செய்யும்.

முதலில் மேடையைக் கவனியுங்கள். மீன் பொரிக்கும் வீட்டு மேடையில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் எப்போதும் இருக்கும். அதன்மேல் ஈரத்துணி விரித்தாலும் துணியோடு சேர்ந்து எல்லாம் நகரும். சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துக் கழுவி, விரலால் இழுத்தால் கிறீச்சென்று பிடிக்கும் வரை துடையுங்கள். பிறகு பழைய துவர்த்து (துண்டு) ஒன்றை நனைத்து, முறுக்கிப் பிழிந்து, ஒற்றை மடிப்பாகச் சுருக்கமில்லாமல் விரியுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதித் தொல்லை தீரும். மேடையில் எந்த இடம் என்பதும் முக்கியம். கிரானைட் பலகைக்கு அடியில் செங்கல் சுவரோ கடப்பைக் கல்லோ தாங்கும் இடத்துக்கு நேர் மேலே வையுங்கள். சிங்கை ஒட்டிய ஒடுங்கிய பகுதி வேண்டாம்.

மீதிப் பாதிக்கு ஒரு பலகை தேவை. பழைய அயினி மரப் பலகைத் துண்டு கிடைத்தால் மிக நல்லது. ரப்பர் மரமும் ஆகும். ஆனால் மருந்தேற்றிப் பதப்படுத்தியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஈரத்தில் பூஞ்சையும் வண்டும் பிடித்துவிடும். நீளம் 30 சென்டிமீட்டர், அகலம் 12, கனம் 2 இருந்தால் தாராளம். பலகையின் மேல் ஒரு முனையில் 15 மில்லிமீட்டர் உயரமுள்ள சட்டம் ஒன்றைத் திருகாணியால் பொருத்துங்கள். கல்லை அதில் முட்டவைத்து, மறுமுனையில் விரல் நுழையும் இடைவெளி விட்டு இன்னொரு சட்டம். அந்த இடைவெளியில் ஒரு மர ஆப்பைக் கையால் அழுத்தினால் கல் அசையாது. சுத்தியல் வேண்டாம், கல் விண்டுபோகும். வழக்கமாகக் கிடைக்கும் கல் 25 மில்லிமீட்டர் கனம் இருப்பதால் அது சட்டத்துக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். கத்தியின் கைப்பிடி மரத்தில் இடிக்காது. பலகையின் அடிப்பக்கம், உங்கள் பக்கத்து ஓரத்தில், மேடை விளிம்பில் மாட்டிக்கொள்ளும்படி இன்னொரு சட்டத்தை அடித்துவிடுங்கள். நீங்கள் தள்ளும்போது அந்தச் சட்டம் மேடையின் முன் விளிம்பில் முட்டி நிற்கும். தச்சரிடம் கொடுத்தால் சிறிது நேரத்து வேலை.

சோதிப்பதற்கு, கல்லின் நான்கு மூலைகளையும் உள்ளங்கையால் மாறி மாறி அழுத்துங்கள். டக் என்று எந்த மூலையாவது சத்தமிட்டால் பலகை கோணியிருக்கிறது. அடியைச் சீவச் சொல்லுங்கள்.

உயரத்தைப் பலரும் நினைப்பதே இல்லை. நின்று தீட்டும்போது கல்லின் மேற்பரப்பு முழங்கைக்கு நான்கு விரற்கடை முதல் ஒரு சாண் வரை தாழ்ந்திருக்க வேண்டும். அடுக்களை மேடையோடு பலகையும் கல்லும் சேர்ந்தால், உயரம் குறைந்தவர்களுக்கு முழங்கை மட்டத்துக்கே வந்துவிடும். அப்போது தோள் தூக்கிக்கொள்ளும், மணிக்கட்டு மடங்கும், கோணம் கெடும். உங்களுக்கும் அப்படியென்றால் மேடையை விட்டுவிட்டுப் புறவாசலில் துணி அலக்கும் கல்லுக்குப் போங்கள். கனமானது, சிமென்டில் பதித்தது, உயரமும் பெரும்பாலும் தோதாக இருக்கும். அதைச் சரிவாகக் கட்டியிருப்பார்கள். பலகையைச் சரிவின் போக்கில் நீளவாக்கில் வையுங்கள். குறுக்கே வைத்தால் கல் பக்கவாட்டில் சாயும். ஆனால் கத்தியை நேரே அந்தக் கருங்கல்லில் உரசும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அது கத்தியின் வாயில் ஒழுங்கற்ற பற்களைக் கிள்ளிவிடும். ஓரிரு நாள் அறுக்கும், பிறகு அந்தப் பற்கள் மடிந்துவிடும்.

வெளிச்சம் எதிரிலிருந்தோ பக்கத்திலிருந்தோ வரட்டும். முதுகுக்குப் பின்னால் விளக்கு இருந்தால் உங்கள் நிழல்தான் கல்லில் விழும். கத்தியின் வாயில் மார்க்கர் பேனாவால் கறுப்பாக ஒரு கோடு இழுத்து இரண்டு தரம் தீட்டிப் பாருங்கள். மை எங்கே போயிருக்கிறதோ அங்கேதான் கல் தொட்டிருக்கிறது. வாயின் நுனியில் மை மிச்சமிருந்தால் முதுகைக் கொஞ்சம் உயர்த்துங்கள். மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும்பும்வரை ஒரு பக்கம் தீட்ட வேண்டும். பெருவிரலை வாய்க்கு வெளிப்புறமாக வழித்தால் அது தட்டுப்படும். ஒருபோதும் நீளவாக்கில் வழிக்காதீர்கள். பிசிறு வந்த பிறகே மறுபக்கம், கடைசியில் நைசான பக்கத்தில் லேசான கையோடு சில இழுப்புகள்.

தேங்காய் எண்ணெயைக் கல்லில் விடாதீர்கள். இரும்புத் தூளோடு பிசுக்காகச் சேர்ந்து கல்லின் நுண்துளைகளை அடைத்துவிடும். ஒருமுறை எண்ணெய் ஊறினால் அதன் பிறகு தண்ணீர் சரியாக ஏறாது. தண்ணீரில் குமிழி வருவது நிற்கும் வரை ஊறப்போட்டு, தீட்டும்போது தெளித்துக்கொண்டே இருந்தால் போதும். எண்ணெய்க்கு வேறு இடம் உண்டு: கொல்லர் அடித்துத் தந்த இரும்புக் கத்தி கடற்காற்றில் ஒரே இரவில் செம்மண் நிறமாகிவிடும், கழுவித் துடைத்தபின் ஒரு சொட்டுத் தேய்த்து வையுங்கள்.

வழியும் தண்ணீர் தரையில் சொட்டினால் உடனே துடையுங்கள். கத்தி நழுவினால் பிடிக்கப் போகாமல் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள்.

நாளடைவில் கல் நடுவில் குழியும். அப்போதும் புதிய கல் தேவையில்லை. கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, சமமான கிரானைட் துண்டின்மேல் 120 எண் நீர் உப்புத்தாளை விரித்து, தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கோடுகள் எல்லாம் அழிந்தால் கல் மட்டமாகிவிட்டது. நைசான பக்கமும் தேய்ந்து, தீட்டும்போது பிடிப்பே இல்லாமல் போனால், அப்போது 1000 எண் கொண்ட நைசான கல் ஒன்று வாங்கலாம். அதையும் இதே பலகையில் வைக்க முடியும். ஆப்பை மட்டும் அளவுக்குச் சீவிக்கொள்ளுங்கள்.